காம்பாக்ட் எஸ்யூவியில் ஓட்டும் சுகம் மிச்சம் இருக்கிறதா, இல்லை ஹேட்ச்பேக்கோடு போய்விட்டதா?

#1 போலோக்காரன் (கோவை)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2020 ஃபோக்ஸ்வாகன் போலோ ஹேட்ச்பேக் (டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காத சிறிய கார்), 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், மேனுவல். திறன் 110 பிஎஸ், இழுவை 175 என்எம். இந்தியாவில் போலோவை 2022இல் நிறுத்திவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை அப்பாவுக்குத்தான். முழங்கால் வலி வந்த பிறகு அவரால் அதில் இறங்கி உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே வருவது அதைவிடப் பாடு. வீட்டில் முடிவாகிவிட்டது: அடுத்தது உயரமான வண்டி.

நேரம் கிடைத்தால் ஆழியாறு வழியாக வால்பாறை போகிறவன் நான். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளுக்காகத்தான் போலோவையே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். இப்போது நான்கு மீட்டர் நீளத்துக்குள் வரும் எஸ்யூவிகள் சிலவற்றை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுவது போல இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் உடம்பு சாய்கிறது, அப்புறம்தான் வண்டி திரும்புகிறது.

இந்த அளவு வண்டியில் ஓட்டும் சுகம் கிடைக்குமா, இல்லை ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதானா? ஆன்ரோடு 15 லட்சம் வரை போகலாம். மேனுவல்தான் விருப்பம். சன்ரூஃப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

#2 செடான் சேகர்

மூட்டை கட்டுங்கள். உயரமாகத் தூக்கி வைத்த ஹேட்ச்பேக்குக்கு எஸ்யூவி என்று பெயர் சூட்டி இரண்டு லட்சம் கூட வாங்குகிறார்கள். எடை மையம் மேலே போனால் வளைவில் சாயும். சாய்வதைத் தடுக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் குண்டு குழியில் முதுகு உடையும். இது இயற்பியல், இதற்கு வேரியன்ட் கிடையாது. அப்பாவுக்கு ஒரு உயரமான வண்டி வாங்கிக் கொடுங்கள், போலோவை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#3 போலோக்காரன் (கோவை)

சேகர் சார், பார்க்கிங் ஒன்றுதான் இருக்கிறது :)

#4 பட்டறை பாய்

சேகர் அண்ணே சொல்வதில் பாதி சரி. மீதிக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஹேட்ச்பேக்கின் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காம்பாக்ட் எஸ்யூவிக்கு 62. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இரண்டிலும் 150 செ.மீ. வளைவில் 0.5 ஜி (புவியீர்ப்பில் பாதி) பக்கவாட்டு விசை வந்தால், ஹேட்ச்பேக்கில் எடையின் 68 சதவீதம் வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் போகும். எஸ்யூவியில் 71 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த 0.5 ஜி என்பதும் சும்மா இல்லை, பின்சீட்டில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடும் அளவு. 10 மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசியில் மணிக்கு 25 கி.மீ. போனாலே அது வந்துவிடும். ஆக, சாலைப் பிடிப்பில் நாம் இழப்பது கொஞ்சம்தான்.

பிறகு ஏன் அவ்வளவு மோசமாகத் தெரிகிறது? இரண்டு காரணம். ஒன்று, உங்கள் தலை. வண்டி சாயும்போது அது ஒரு தாழ்வான அச்சைச் சுற்றிச் சாய்கிறது. அந்த அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அவ்வளவு அதிகமாகத் தலை பக்கவாட்டில் நகரும். அதே மூன்று டிகிரி சாய்வு உயரமான சீட்டில் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவது, ஷாக் அப்சார்பர். எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சாய்ந்து நிற்கிறது, நின்ற பிறகு மறுபடி ஆடுகிறதா என்பதுதான் ஓட்டுகிறவருக்கு முக்கியம். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்துவிட்டு ஷாக்கில் காசை மிச்சம் பிடித்தால் வண்டி படகாகும். ஷோரூமைச் சுற்றி நான்கு தெரு ஓட்டுகிறவருக்கு அது சொகுசாகத் தெரியும், வாங்கிவிடுவார். அந்த நான்கு தெருவுக்காகத்தான் பல வண்டிகள் டியூன் செய்யப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

#5 செடான் சேகர்

பாய், மூன்று சதவீதம் என்று கணக்கில் சொல்லிவிட்டு, "ஆனாலும் தலை ஆடும்" என்று நீங்களே முடிக்கிறீர்கள். ஓட்டுவது தலைதானே, சக்கரம் இல்லையே.

#6 மறைமலை மைந்தன்

இந்த இழையில் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பெயர் இன்னும் வராதது அநியாயம்.

2013 ஜூனில் வந்தது. நம் மறைமலைநகரில் தயாராகிப் பல நாடுகளுக்குக் கப்பலேறியது. அடியில் இருந்தது ஃபோர்டின் ஃபியஸ்டா காரின் பிளாட்ஃபார்ம் (அடித்தளம்), சட்டென்று திரும்பும் குணம் அங்கிருந்து வந்ததுதான். 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸை வைத்துக்கொண்டு அது வளைவில் போகும் விதத்தைப் பார்த்தால் சேகர் அண்ணனின் இயற்பியல் புத்தகத்தை மூடி வைக்கலாம். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்தான், ஆனால் முன் சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியும். 1.0 ஈகோபூஸ்ட் மூன்று சிலிண்டர், 125 பிஎஸ், 170 என்எம். 2018இல் 'எஸ்' வேரியன்ட்டில் அதே இன்ஜின் ஆறு கியரோடும் 17 இன்ச் சக்கரத்தோடும் திரும்ப வந்தது. என்னிடம் இருப்பது அதுதான். அழுத்தினால் பெட்ரோல் குடிக்கும், மைலேஜ் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பின்சீட் குறுகல், டிக்கிக் கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி வெளியே தொங்கும். கடையில் பக்கத்தில் நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டால் தோற்றுவிடும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அன்று ஆலைக்கு எதிரே டீக்கடையில் நின்றவர்களின் முகம் வேறு கதை, இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வருவது: உயரமும் சுகமும் ஒன்றாக இருக்க முடியும் என்று ஒரு நிறுவனம் இதே மண்ணில் செய்து காட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் காசைத் திரையிலும் விளக்கிலும் போட்டார்கள்.

#7 கொல்லிமலை குமரன்

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மஹிந்திரா எக்ஸ்யூவி300 ஓட்டியிருக்கிறீர்களா? 2019இல் வந்தது. 1.5 டீசல், 300 என்எம். அந்த நேரத்தில் இந்தப் பிரிவில் வேறு எவரிடமும் இல்லாத இழுவை. வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,600 மி.மீ., நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கொரியாவின் சாங்யோங் டிவோலி காரிலிருந்து எடுத்த அடித்தளம், அதனால் அகலமும் கூடுதல்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி. அங்கே டாப் ஸ்பீடு ஒரு பொருட்டே இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாவது கியரில் வண்டி உடனே இழுக்கிறதா என்பதுதான் எல்லாம். டீசல் 1,500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தொட்டுவிட்டால் மலை இருப்பதே தெரியாது. அதற்குக் கீழே விழுந்தால் ஒரு நொடி செத்துக் கிடக்கும், அந்த ஒரு நொடிக்காக கிளட்சையும் கியரையும் வேலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்த வேலைதான் சுகம். ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் மச்சான் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறார்.

2024 ஏப்ரலில் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ என்று பெயர் மாறி வந்தது. ஸ்டீயரிங் இலகுவாகிவிட்டது, ஊருக்குள் நல்லதுதான், எனக்குப் பழையது பிடிக்கும். 131 பிஎஸ் டர்போ பெட்ரோலை மேனுவலில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள் தம்பி.

#8 நிர்வாகி

பொது அறிவிப்பு. மலைப்பாதையில் இத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று யாராவது எழுதினால் அந்தப் பதிவு நீக்கப்படும். ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். தொடருங்கள்.

#9 நித்யா (தேனி)

இவ்வளவு நேரம் படித்ததில் எல்லோரும் 'சுகம்' என்றால் வளைவு என்றே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் மாருதி ஃபிரான்க்ஸ் 1.0 டர்போ மேனுவல் இருக்கிறது. 100 பிஎஸ், 148 என்எம். குமரன் அண்ணனின் டீசலில் பாதி இழுவைதான். ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். எடை குறைவு என்பதை விளம்பரத்தில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை. பிரேக் பிடித்தால் நிற்கிறது, திருப்பினால் திரும்புகிறது, மூன்றாவது கியரில் முந்தப் போனால் யோசிக்காமல் போகிறது.

நான் வேலைக்காக ஓடுவது பெரும்பாலும் ஊராட்சிச் சாலைகளில். தார் பெயர்ந்த ஒற்றைத் தடம், அறிவிப்பே இல்லாத வேகத்தடை, எதிரே கரும்பு லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆக வேண்டும். முன்பு வைத்திருந்த தாழ்வான ஹேட்ச்பேக்கில் இந்தச் சாலைகள் தண்டனை. ஒவ்வொரு மேட்டுக்கும் முதல் கியர், அடியில் உரசும் சத்தம், வயிற்றில் கலக்கம். இப்போது அதே சாலையில் 50, 60இல் ஒரே ஓட்டமாக, ரிதம் கெடாமல் போக முடிகிறது. சேகர் அண்ணா, உங்கள் செடான் அங்கே வந்தால் நான் காத்திருந்து டீ குடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உயரமான சீட்டின் தீமையைப் பாய் சொன்னார். நன்மையும் இருக்கிறது. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது தடுப்புச் சுவருக்கு மேலாகக் கீழ் வளைவும் மேல் வளைவும் கண்ணில் படுகின்றன. பஸ் வருகிறதா என்று முன்கூட்டியே தெரிந்தால் நின்று கிளம்ப வேண்டியதில்லை. என் உயரம் ஐந்தடி ஒன்று. போனட் எங்கே முடிகிறது என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டது இந்த வண்டியில்தான்.

#10 செடான் சேகர்

நித்யா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, டீ மட்டும் நான் வாங்கித் தருகிறேன். ஆனால் ஃபிரான்க்ஸை எஸ்யூவி கணக்கில் சேர்ப்பது அநியாயம். அது கொஞ்சம் உயர்ந்த பலேனோ ஹேட்ச்பேக். உயரம் குறைவாக இருப்பதால்தான் நன்றாக ஓடுகிறது. என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள் :)

#11 வரி வாத்தியார்

ஏன் இந்த வண்டிகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. காரணம் பொறியாளர் இல்லை, மத்திய அரசின் பட்ஜெட். 2006இல் சிறிய கார் என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள்: நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். அதற்குள் அடங்கினால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிகிறது. உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40.

இதன் விளைவை ஓட்டுகிறவர் கையில் உணரலாம். 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோலை இந்த அளவு வண்டியில் எவரும் வைக்க மாட்டார்கள். அதனால் பலரும் மூன்று சிலிண்டரில் டர்போவை மாட்டினார்கள். நமக்கு அது ஒருவகையில் அதிர்ஷ்டம், ஏனென்றால் நடு ஆர்பிஎம்மில் இழுவை தாராளம். டாடா நெக்ஸானின் 1.2 டர்போ 120 பிஎஸ், 170 என்எம், ஸ்கோடா கைலாக்கின் 1.0 டிஎஸ்ஐ 115 பிஎஸ், 178 என்எம். துரதிர்ஷ்டம் எங்கே என்றால், நீளத்தைக் கூட்ட முடியாது, ஆனால் உள்ளே இடம் கேட்பார்கள், ஆகவே வண்டி மேல்நோக்கி வளர்ந்தது. நீளம் கட்டுப்படும், உயரத்துக்கு வரி இல்லை. சேகர் சாருக்குக் கோபம் வர வேண்டியது இங்கேதான்.

வரம்பைத் தாண்டினால் பேச்சே வேறு. டைகூன், குஷாக் 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ், கிரெட்டா என் லைன் 160 பிஎஸ். அவை 15 லட்சத்துக்குள் அடங்காது என்பதால் விடுகிறேன்.

#12 லண்டன் தம்பி

இங்கே நிலைமை வேறு, ஆனால் கேள்வி அதேதான். ஃபோர்டு ஃபியஸ்டாவை 2023இல் நிறுத்தினார்கள். அதன் இடத்தில் விற்பது அதே அடித்தளத்தில் செய்த பூமா என்ற கிராஸ்ஓவர். 2023, 2024 இரண்டு ஆண்டும் பிரிட்டனில் அதிகம் விற்ற கார் அது. பூமா எஸ்டி என்று ஒன்று வந்தது: ஃபியஸ்டா எஸ்டியின் அதே 1.5 மூன்று சிலிண்டர், 200 பிஎஸ், ஆறு கியர் மேனுவல். உயரத்தால் வரும் சாய்வைச் சமாளிக்கப் பின் அச்சை ஃபியஸ்டாவைவிட விறைப்பாக்கினார்கள். நண்பருடையதை ஓட்டினேன். வளைவில் சிரிப்பு வருகிறது, உடைந்த சாலையில் பல் ஆடுகிறது. அவர் மனைவி அந்த வண்டியில் வர மறுக்கிறார். பிறகு அந்த 1.5ஐயும் நிறுத்திவிட்டு 1.0 ஆட்டோமேட்டிக் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

முடியும் என்பது உண்மை. ஆனால் அந்த இறுக்கத்தை வால்பாறைச் சாலையில் தினமும் பொறுப்பீர்களா, முழங்கால் வலியுள்ள அப்பாவை வைத்துக்கொண்டு?

#13 சார்ஜர் செல்வம்

மின்சாரக் காரில் பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பினால் எடை மையம் கீழே இறங்கும், டர்போ லேக் (அழுத்திய பிறகு இழுவை தாமதமாக வருவது) என்ற பேச்சே இல்லை, இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியை நிரப்புவது) பிரேக்கைக் காப்பாற்றும். நெக்ஸான் ஈவி ஓட்டிப் பாருங்கள். எடை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். கியர் மாற்றும் சுகம் வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

#14 கொல்லிமலை குமரன்

வழக்கில்லை என்று சொல்லிவிட்டு எல்லா இழையிலும் வந்துவிடுகிறீர்கள் செல்வம் :) வாருங்கள், ஒரு நாள் மேலே சேர்ந்து போவோம்.

#15 பட்டறை பாய்

லண்டன் தம்பி சொன்னது முக்கியமான விஷயம். இறுக்கமும் கட்டுப்பாடும் ஒன்றல்ல. நல்ல ஷாக் உள்ள வண்டி மேட்டில் ஏறி இறங்கியதும் ஒரே அசைவில் அடங்கும். அது மென்மையாகவும் இருக்கலாம். மோசமான வண்டி இறுக்கமாகவும் இருக்கும், ஆடவும் செய்யும்.

வாங்கிய பிறகு செய்யக்கூடியதையும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறைக்கு இதே குறையோடு நிறையப் பேர் வருகிறார்கள். பாதி வண்டிகளில் குறை டயரில்தான். மைலேஜுக்காகக் கொடுக்கப்படும் கடினமான டயர் வளைவில் சீக்கிரம் கத்தும். அதே அளவில் நல்ல பிடிப்புள்ள டயரை மாற்றினால் வண்டியே மாறியது போல இருக்கும். பெரிய அலாய் சக்கரம் போடாதீர்கள். சக்கரத்தின் எடை கூடும், டயரின் பக்கச்சுவர் மெலியும், நம் குழிகளில் ரிம் வளையும். காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கே பிடியுங்கள். பெட்ரோல் பங்க்கில் பையன் கண்மூடி 35 அடித்துவிடுவான், அதோடு போய் "ஸ்டீயரிங் உயிரில்லை" என்று எழுதினால் எப்படி? ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பக்கமே போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் வரும், ஷாக்கும் போகும்.

#16 மறைமலை மைந்தன்

வீல் அலைன்மென்ட்டை (சக்கரங்களை நேராக்குவது) விட்டுவிட்டீர்கள் பாய். என் வண்டியில் ஒரு கடையில் செய்த பிறகு இடது பக்கம் இழுக்க ஆரம்பித்து, இன்னொரு கடையில் சரியானது. மிஷின் அதேதான், ஆள்தான் வேறு.

#17 போலோக்காரன் (கோவை)

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் ஷோரூமில் கெஞ்சி 3எக்ஸ்ஓ டர்போ பெட்ரோல், கைலாக் இரண்டையும் மேனுவலில் எடுத்தேன். அப்பாவையும் அழைத்துப் போனேன்.

3எக்ஸ்ஓவின் இன்ஜின் பலம் உண்மைதான், ஆனால் ஸ்டீயரிங் என் கைக்கு ரொம்ப இலகு. அப்பாவுக்கு அதன் பின்சீட் பிடித்துவிட்டது. கைலாக்கில் என் போலோவில் இருக்கும் அதே 1.0 டிஎஸ்ஐ. எடை மட்டும் கூடுதல், 1,200 கிலோவைத் தாண்டுகிறது. பாய் சொன்னதைச் சோதிக்க, வேண்டுமென்றே ஒரு பெரிய வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். ஒரே அசைவில் அடங்கியது. சேல்ஸ் தம்பிதான் அடங்கவில்லை. ரவுண்டானாவில் சாய்வது தெரிகிறது, ஆனால் சாய்ந்த இடத்தில் அப்படியே நிற்கிறது, கைக்கு நம்பிக்கை வருகிறது. போலோ அளவுக்கு இல்லை. அதன் பக்கத்தில் இருக்கிறது.

அப்பா முன்சீட்டில் குனியாமல் ஏறி உட்கார்ந்தார், அதுவும் முக்கியம். மனம் கைலாக் பக்கம் சாய்கிறது. ஒரே சந்தேகம்: மலையில் ஏறும்போது இந்த இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் தடுமாறுகிறதா? போலோவிலேயே செங்குத்தான வளைவுகளில் முதல் கியருக்குப் போக வேண்டியிருக்கிறது. எடை கூடிய வண்டியில் இன்னும் மோசமாகுமோ?

#18 பட்டறை பாய்

கொஞ்சம் கூடும். முழு 178 என்எம் வருவது 1,750 ஆர்பிஎம்மில்தான். ஐந்து பேரும் லக்கேஜும் இருந்தால் குறுகிய கொண்டை ஊசிகளில் முதல் கியர் கேட்கும். வெட்கப்பட வேண்டாம், போடுங்கள். இரண்டாவதில் அரை கிளட்ச் பிடித்து ஏற்றுவதுதான் கிளட்ச் தட்டைத் தின்னும். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட்டால் உள்ளே தடுமாற வேண்டியதில்லை. மலை தவிர மற்ற நேரமெல்லாம் கோவை அவினாசி சாலை நெரிசல்தான் என்றால், அதே வண்டியின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையும் ஒரு முறை பாருங்கள். அது டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் திரவம் வழியாக இழுவையைக் கடத்துவது), மேட்டில் நின்று கிளம்புவதில் சங்கடம் இல்லை.

#19 கொல்லிமலை குமரன்

ஆட்டோமேட்டிக்கா? பாய், நீங்களுமா!

#20 செடான் சேகர்

கைலாக் டெஸ்ட் டிரைவ் எந்த ஷோரூமில் கொடுத்தார்கள் தம்பி? எனக்கு இல்லை, மகள் கேட்கிறாள்.